.32 போர் யாருக்கு?

முதல் கைத்துப்பாக்கியாக எதை வாங்கலாம், எந்த போர் நல்லது என்று ஒரு தலித் இளைஞன் கேட்டால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல இங்கே ஆளில்லை. மூத்த தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். "வன்முறை பேசாதே தம்பி" என்கிறார்கள். தொண்டு நிறுவன நண்பர்கள் மனநல ஆலோசகரின் எண்ணை அனுப்பிவைக்கிறார்கள். கடைசியில் அவன் யூடியூபில் யாரோ ஓர் அமெரிக்கக்காரனிடம் போய்ப் பாடம் கேட்கிறான். அவன் க்ளாக் வாங்கு, 9 மி.மீ. வாங்கு என்று சொல்லி அனுப்புகிறான். ஆணவக் கொலைச் செய்தி வருகிற ஒவ்வொரு முறையும் எங்கள் ஆய்வாளர் விடுதியில் இந்தக் கேள்வி எழுகிறது. நான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நடைமுறை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிள் சுட்டவள். அதனால் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. கேட்பவர்களின் கோபத்தை ஆற்றுப்படுத்துவது என் வேலையல்ல. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் போர் சமாச்சாரம். இந்தியாவில் எந்த போர் வாங்குவது என்று நீங்கள் முடிவெடுக்கத் தேவையில்லை. அரசு ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டா எதுவோ அது குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட போர். 9 மி.மீ., .38, .455 எல்லாம் அந்தக் கணக்கில் போய்விடும். அவற்றுக்கு உரிமம் தர ஒன்றிய உள்துறை அமைச்சகத்தால் மட்டுமே முடியும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தரக்கூடிய உரிமத்தில் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. அவ்வளவுதான் கடை. க்ளாக் பற்றிப் பத்து மணி நேரம் பார்த்த தம்பிக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

அந்த .32-இலும் ஒரு குழப்பம் உண்டு. ரிவால்வருக்கு ஒரு .32 தோட்டா, பிஸ்டலுக்கு வேறொரு .32 தோட்டா. பேச்சில் இரண்டுக்கும் ".32 போர்" என்றே பெயர். ஒன்றில் போடுவதை மற்றதில் போடக்கூடாது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வர் முதல் வகை. 'அசனி' என்ற அரசுத் தொழிற்சாலைப் பிஸ்டல் இரண்டாம் வகை. இரண்டுமே இன்றைய அளவுகோலில் பலம் குறைந்த தோட்டாக்கள்தான். புதிதாகச் சுடக் கற்பவருக்கு அது குறையும் அல்ல. பின்னுதைப்பு குறைவாக இருந்தால்தான் கை பழகும். புதியவர்கள் குறி தவறுவது பெரும்பாலும் கண்ணால் அல்ல. வெடிச் சத்தமும் உதைப்பும் வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பதறி, குதிரையை இழுக்கும் நொடியில் மணிக்கட்டு கீழே சாய்ந்துவிடும். இந்தப் பதற்றம் போக நூற்றுக்கணக்கான முறை சுட வேண்டும். உரிமத்திலோ எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி எழுதியிருப்பார்கள். பழகுவதற்கே தோட்டா இல்லாத ஆயுதத்தை வாங்கி அலமாரியில் வைப்பதில் என்ன பாதுகாப்பு? எனவே சுடக் கற்பவர் தொடங்க வேண்டிய இடம் .32 அல்ல. .177 ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ரவை, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி அதற்கு உரிமமே வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டி நடப்பது இதில்தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். அதற்கடுத்து .22. அதற்கும் பிறகுதான் .32.

'நிர்பீக்' கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு நாடு கொந்தளித்தபோது, பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி 2014-இல் கான்பூர் தொழிற்சாலை ஒரு .32 ரிவால்வரை இறக்கியது. எடை 500 கிராம். கைப்பையில் வைக்கலாம் என்றார்கள். நகைப்பெட்டி போன்ற உறையில் வைத்து விற்றார்கள். விலை 1,22,360 ரூபாய். எடை குறையக் குறைய உதைப்பு கூடும் என்பதும், குழல் குட்டையானால் குறி பார்ப்பது கடினம் என்பதும் சுட்டுப் பார்த்த யாருக்கும் தெரியும். முதன்முதலாகத் துப்பாக்கி தொடும் பெண்ணுக்கு இவ்வளவு லேசான ஆயுதத்தைத் தருவது வசதிபோலத் தெரியும் இடைஞ்சல். அதைக்கூட விடுவோம். வயலில் நாற்று நடப் போகும்போது, பஞ்சாலை வேன் நின்று இறக்கிவிடும் இருட்டில், எங்கள் பெண்களுக்கு ஆபத்து வருகிறது. அவர்களுடைய பாதுகாப்புக்கு 1,22,360 ரூபாய் என்று விலை ஒட்டிய அரசு, யாரைப் 'பெண்' என்று நினைத்து அந்த உறையைத் தைத்தது?

பணம் இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் விஷயம் தொடங்குகிறது.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி கைத்துப்பாக்கி கேட்பவர் அதற்குத் 'தக்க காரணம்' இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். 2016 விதிகள் வணிகம், தொழில், பணி முதலியவற்றின் தன்மையால் உயிரையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உண்மையான தேவை உள்ளவர் என்று பேசுகின்றன. தீவிரவாதிகளின் குறியில் இருப்பவர் பற்றியும் பேசுகின்றன. சாதி வன்கொடுமை என்ற சொல் அங்கே இல்லை. பிறகு விசாரணை. காவல் நிலையம் உங்கள் 'பின்னணி' பார்க்கும். வருவாய்த் துறை உங்கள் 'நிலை' பார்க்கும். நகைக்கடைக்காரருக்குக் காரணம் உண்டு. நிதி நிறுவனக்காரருக்குக் காரணம் உண்டு. நூறு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்குக் காரணம் உண்டு. ஊர்த்தெரு வழியாகச் செருப்பணிந்து நடந்ததற்காக மிரட்டப்பட்டவர் போய் நின்றால், அவர் மேல் ஏற்கெனவே ஒரு எதிர்வழக்கு போட்டிருப்பார்கள். வன்கொடுமைப் புகார் கொடுத்த கையோடு எதிர்வழக்கு போடுவது இங்கே வழக்கமான உத்தி. அந்த எதிர்வழக்கே உரிம விசாரணையில் 'பின்னணி' ஆகிவிடும்.

இத்தனைக்கும் அதே சட்டத்தின் 14(2) பிரிவு, ஒருவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்கிறது. 1959-இலேயே எழுதிவைத்த வரி இது. எத்தனை தாசில்தார்களுக்கு இது தெரியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 விதிகளின் 25-ஆம் விதிப்படி உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அவருடைய வாரிசு கேட்கலாம். இறக்கவே வேண்டாம், அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ தாமே ஒரு வாரிசைக் காட்டலாம். நிலம் எப்படித் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்குகிறதோ அப்படியே துப்பாக்கியும் இறங்குகிறது. பண்ணை வீட்டு முன்கூடத்தில் மான் தலைக்குக் கீழே தொங்கும் இரட்டைக் குழலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கான காரணத்தை இன்றைய வாரிசு புதிதாக நிரூபித்திருக்கமாட்டார். அது வீட்டோடு வந்தது.

பிறப்பினால் துப்பாக்கி என்பதை இந்தியச் சட்டம் ஓரிடத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கர்நாடகத்தின் குடகில் 'கூர்க் இனத்தவருக்கும்' ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் எரவர்களும் ஜேனு குறும்பர்களும் அந்த மண்ணில்தான் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். விலக்கு அவர்களுக்கு இல்லை. கொடவ மக்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிறப்பையும் நிலத்தையும் பார்த்து ஆயுத உரிமை கொடுக்க முடியும் என்று இந்த அரசு நம்புகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, பேசாமல் விடப்பட்ட விதிக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கான விதிகள் 1995-இல் வந்தன. அவற்றில் 3(1) விதியை நம்முடைய வழக்கறிஞர்களில்கூடப் பலர் இழப்பீட்டுப் பட்டியலைத் தேடும் அவசரத்தில் புரட்டிக் கடந்துவிடுகிறார்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்று அது தொடங்குகிறது. தேவையென்று கருதினால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம் என்கிறது. அவர்களோடு அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை அது போகிறது. அந்த ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டால் அவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். மூன்றும் அடுத்தடுத்த உட்பிரிவுகள். எந்தத் தீவிரவாத இயக்கமும் எழுதிய துண்டறிக்கை அல்ல இது, இந்திய அரசிதழில் வந்த விதி.

இந்த விதி வந்த மறு ஆண்டு, 1996 ஜூலை 11 அன்று பீகாரின் பதானி தோலாவில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். 1997 டிசம்பர் 1 அன்று லக்ஷ்மண்பூர் பாதேயில் 58 பேர். நிலவுடைமைச் சாதியின் ரண்வீர் சேனை துப்பாக்கிகளோடு வந்தது. இரண்டு வழக்குகளிலும் கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2012-இலும் 2013-இலும் விடுவித்துவிட்டது. நமக்கும் இது வெளியூர்க் கதையல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தது.

நான் ஒரு தென்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகள் கேட்டேன். மாவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் எத்தனை, அவற்றில் பட்டியல் சாதியினர் பெயரில் எத்தனை, 3(1) விதியின்கீழ் ரத்து செய்தவையும் வழங்கியவையும் எத்தனை. இரண்டாம் கேள்விக்கு "அவ்வாறு தொகுக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. மூன்றாம் கேள்விக்கு "இல்லை" என்று ஒரே சொல். மேல்முறையீட்டு விசாரணையில் அதிகாரி ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உரிமத்தை எல்லாம் அப்படி வாங்கி வெச்சிட முடியுமாம்மா? நிர்வாக ரீதியா சாத்தியமே இல்லை" என்றார்.

சாத்தியமில்லையா? ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் என்ன நடக்கிறது? அறிவிப்பு வந்த சில நாட்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். யார் வீட்டில் எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் நிலையத்தில் இருக்கிறது. வாக்குப்பெட்டிக்காக இதைச் செய்ய முடிகிறது. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பதற்றம் நிலவும் ஊரில், சேரி இளைஞனும் ஊர்த்தெருப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரத்தில், அதே காவலர் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போக முடியாது என்றால் அது நிர்வாகப் பிரச்சினையாக இருக்க முடியாது.

எனவே என்னிடம் கேட்டால், 3(1) விதியில் நாம் முதலில் பிடிக்க வேண்டியது உரிமம் 'கொடு' என்ற உட்பிரிவை அல்ல, 'வாங்கு' என்ற உட்பிரிவை. ஊரில் ஐந்து துப்பாக்கிக்கு எதிராகச் சேரியில் ஒன்று என்பது பாதுகாப்பல்ல. ஐந்தும் கிடங்குக்குப் போவதுதான் பாதுகாப்பு.

கைத்துப்பாக்கி இருந்தால் உயிர் தப்பியிருக்குமா என்று தம்பிகள் கேட்பார்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், பெரும்பாலும் இல்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகல், பேருந்து நிலையம், சாலையோரம். சங்கரைச் சூழ்ந்தவர்கள் அரிவாளோடு வந்தார்கள். எல்லாம் சில நொடிகள். பைக்குள் இருக்கும் .32-ஐ எடுக்க அந்த நொடிகள் போதாது. ஆணவக் கொலைகளில் ஏராளமானவை வீட்டுக்குள், பெற்றவர் கையால் நடப்பவை. அங்கே துப்பாக்கி இருந்தால் அது கொல்பவர் கையில்தான் இருக்கும். கையில் ஆயுதத்தோடு ஒரு தலித் இளைஞனைப் பார்க்கும் காவலர் என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்கக் காணொளிகளில் இந்தப் பக்கம் வருவதில்லை. 1967-இல் கறுஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்தித் தெருவில் நடந்தபோது கலிபோர்னியா மாநிலம் சட்டத்தையே மாற்றியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016-இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகத் தானே சொன்னார் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர். உரிமம் பெற்ற துப்பாக்கி அது. இருக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் விடுதலை ஆனார்.

நாட்டுத் துப்பாக்கி, அரிவாள், டிஜிட்டல் பேனர் வீரம் பற்றி இரண்டு வரிதான். அது அவர்களுடைய அழகியல். நாம் கடன் வாங்கினால் குண்டர் சட்டத்தில் உள்ளே போகப்போவது நம் பிள்ளைகள்.

அண்ணல் ஆயுதத்தை ஏற்கவில்லையே என்கிறார்கள் மூத்த தோழர்கள். பாதி உண்மை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் எதிர்த்தார். தனிமனிதர் ஆயுதம் தாங்கும் உரிமையைவிட, நாடு அழைக்கும்போது ஆயுதம் தாங்கும் கடமையே முக்கியம் என்பது அவர் வாதம். அதே அண்ணல்தான் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில், இந்தக் கொடுமையை எதிர்த்து அடித்தட்டு மக்கள் ஏன் கிளர்ந்தெழவில்லை என்று கேட்டு, சதுர்வர்ணம் அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்துவைத்திருந்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளையர் நிறுத்தியதன் வலியைப் படைவீரரின் மகனாக அறிந்தவர் அவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆயுதம் எவர் கையில் குவிந்திருக்கிறது என்பதை அவர் அரசின் பொறுப்பாகப் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பொறுப்பிலிருந்து அரசு வழுவியதைத்தான் 1995 விதி ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் .32 யாருக்குமே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தனித் தொகுதி ஊராட்சித் தலைவர்களைச் சொல்கிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள் தேர்தலே நடத்தவிடவில்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் அவரோடு வேறு சிலரும் கொல்லப்பட்டார்கள். மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது நடந்தது அது. 3(1) விதி அப்போது இரண்டு வயதுக் குழந்தை. ஆட்சியர் மேசைமேல் கிடந்தது. துப்பாக்கி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் இந்த மனிதரின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று ஆட்சியர் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்திருக்கும். அதன் பிறகு நடந்ததற்கு யாரும் தெரியாது என்று சொல்லியிருக்க முடியாது.

சுடக் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் தயங்காமல் போகட்டும். என்.சி.சி.யில் சேருங்கள். 25 கெஜ தூரத்தில் .22 ரைபிளில் ஐந்து ரவையை ஒரே இடத்தில் குவிக்கும்போது வரும் நிதானம் வேறெதிலும் கிடைக்காது. ரைபிள் கிளப்புகளிலும் நுழையுங்கள். எளிதல்ல என்பது தெரியும். நான் போன ஒரு கிளப்பில் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் "அப்பா எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார்கள். கட்டட வேலை என்றேன். "பில்டரா?" என்றார்கள். கொத்தனார் என்றதும், ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவர் பரிந்துரைக்க வேண்டும் என்ற விதி திடீரென்று நினைவுக்கு வந்தது. போட்டிக்குரிய ஏர் பிஸ்டல் ஒன்று லட்சத்தைத் தாண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளுக்கு ஆளுக்கொன்று வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு 10 மீட்டர் தளமும் நான்கு ஏர் பிஸ்டலும் கேட்போம். துணைத் திட்ட நிதி ஆண்டுதோறும் செலவாகாமல் திரும்பிப் போவதாகப் புலம்புகிறோமே, அதில் கேட்போம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் வழக்கில் சாட்சியாக நிற்பவர்களுக்கும் நான் சொல்வது இது. விண்ணப்பத்தை ஆயுதச் சட்டத்தின் பேரில் மட்டும் எழுதாதீர்கள். 1995 விதிகளின் 3(1)(v) என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மிரட்டல் வந்த நாள், புகார் எண், சி.எஸ்.ஆர். நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். அதே தாளில் 3(1)(iii)-இன்கீழ் இன்னின்னார் உரிமத்தை ரத்து செய்யக் கோருகிறேன் என்று இரண்டாவது பத்தி எழுதுங்கள். அதுதான் முக்கியமான பத்தி. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், 2016 விதிகளில் அது கட்டாயம், முன்கூட்டியே முடித்து வையுங்கள். மறுத்தால் 14(3) பிரிவைக் காட்டிக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதித் தர முடியாது என்று சொல்ல அதிலேயே ஒரு சந்து இருக்கிறது. சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு. ஒவ்வொரு நகலிலும் அலுவலக முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த மேசையை விட்டு நகருங்கள்.